ரிப்பேர்னா யார் வருவா?

என் அம்மாச்சிக்கு எழுபத்தெட்டு வயசு. அதில் நாற்பது வருசம் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவர். விடியுமுன்னே கம்பத்தில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக மலைக்குப் போய், ஈர மண்ணில் குத்தவைத்து, செடியின் அடியில் படர்ந்து கிடக்கும் சரத்திலிருந்து ஒவ்வொரு காயாகக் கிள்ளி எடுத்து, பொழுது சாய இறங்கி வருவார். அந்த நாற்பது வருசத்தில் அவருடைய கைரேகை கொஞ்சம் கொஞ்சமாக மலையிலேயே தங்கிவிட்டது.

சில வருசங்களுக்கு முன்னால் ஒரு மாதக் கடைசியில் அவரை ரேஷன் கடைக்கு நான்தான் கூட்டிப்போனேன். சேல்ஸ்மேன் விரலை வைக்கச் சொன்னார். வைத்தார். ஏற்கவில்லை. சேலையில் துடைத்துவிட்டு வைத்தார். ஏற்கவில்லை. வலது கட்டைவிரல், இடது கட்டைவிரல், ஆள்காட்டி விரல் என்று ஒரு சுற்று வந்தாகிவிட்டது. சேல்ஸ்மேன் நல்ல மனுசன்தான். ஈரத்துணி கொடுத்தார், கண்ணாடியைத் தன் சட்டையில் துடைத்துப் பார்த்தார். கடைசியில் அலுத்துப்போய், "பாட்டி, உங்க ரேகை தேஞ்சுபோச்சு. மெஷின் என்ன செய்யும்?" என்றார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. அம்மாச்சி என்னைப் பார்த்து, ஏதோ தப்பு செய்துவிட்டவர் மாதிரி, "ஏங் கைதான்யா சரியில்ல" என்றார்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்துக்கு எதிரானது.

தராசு அரிசியைச் சரியாக நிறுக்கவில்லை என்றால் தராசைத்தான் சந்தேகப்படுவோம். அரிசியைக் குற்றம் சொல்ல மாட்டோம். ஆனால் கணினி என்று வந்துவிட்டால் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. தோட்டத் தொழிலாளர்கள் நிறைந்த ஒரு பள்ளத்தாக்கில், தேயாத விரல்களை மட்டுமே படிக்கத் தெரிந்த ஒரு கருவியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தேய்ந்த விரலைக் குற்றவாளி ஆக்குகிறோம். ஓடிபி இருக்கிறதே, கருவிழி ஸ்கேனர் வந்துவிட்டதே என்பீர்கள். உண்மைதான். அம்மாச்சிக்கும் அந்த மாத அரிசி பிறகு கிடைத்துவிட்டது. ஆனால் இவையெல்லாம் கருவி தோற்ற பிறகு கொடுத்த முட்டுக்கள். வடிவமைக்க உட்கார்ந்த முதல் நாளில் அந்த மேஜையில் அம்மாச்சியின் கை இல்லை. என் சண்டை அந்த முதல் நாளோடுதான்.

*

உலகத்தில் 'ரக்கட் கம்ப்யூட்டர்' என்று ஒரு தனிச் சந்தை இருக்கிறது. கடுமையான சூழலில் தாக்குப்பிடிக்கும் கணினிகள். பானசோனிக்கின் டஃப்புக் 1996-இல் வந்தது. ராணுவம், போலீஸ் ஜீப், எண்ணெய்க் கிணறு என்று அதற்கு வாடிக்கையாளர்கள். இந்தச் சந்தைக்கு இலக்கணமும் உண்டு. பெட்டியின் மேல் ஐபி 65 என்று போட்டிருந்தால் முதல் எண் தூசிக்கு, இரண்டாவது எண் தண்ணீருக்கு. 6 என்றால் தூசி உள்ளே நுழையாது, 5 என்றால் எந்தத் திசையிலிருந்து பீய்ச்சினாலும் தாங்கும். அமெரிக்க ராணுவத்தின் மில்-எஸ்டிடி-810 சோதனையில் பெட்டியை நாலடி உயரத்திலிருந்து 26 தடவை கீழே போடுவார்கள். ஆறு பக்கம், பன்னிரண்டு விளிம்பு, எட்டு மூலை.

இந்தச் சோதனைகளில் எனக்குக் குறை எதுவும் இல்லை. அந்தப் பெயரில்தான் குறை. 'கடுமையான சூழல்' என்று சொல்பவர் எங்கே உட்கார்ந்து சொல்கிறார்? இருபத்திரண்டு டிகிரி ஏ.சி., வடிகட்டிய காற்று, ஆடாத அசையாத 230 வோல்ட், உலர்ந்த விரல், போன் செய்தால் மறுநாள் வரும் சர்வீஸ் ஆள். இது இயற்கையில் எங்குமே இல்லாத சூழல். லட்சக்கணக்கில் செலவழித்து, நாள் முழுக்க மின்சாரத்தைக் கொட்டி, செயற்கையாக உண்டாக்குவது. இதை 'நார்மல்' என்கிறோம். கம்பம், போடி, சின்னமனூர், ஆண்டிபட்டி எல்லாம் 'கடுமையான சூழல்' ஆகிவிடுகின்றன. கோடிக்கணக்கான மனிதர்கள் வாழும் இடத்துக்கு விதிவிலக்கு என்று பெயர்.

நேர்மையாகப் பார்த்தால் நம் மேஜையில் இருக்கும் லேப்டாப்தான் ஸ்பெஷல் கருவி. அது ஒரு குறுகிய சூழலில் மட்டும் உயிர்வாழும் தொட்டி மீன்.

*

இதையெல்லாம் நான் புத்தகம் படித்துச் சொல்லவில்லை. கையைச் சுட்டுக்கொண்டு சொல்கிறேன்.

2018-இல் நானும் என் பள்ளித்தோழன் ஒருவனும் சேர்ந்து ஒரு சின்னத் தொழில் ஆரம்பித்தோம். பறித்த ஏலக்காயில் எண்பது சதவீதம் ஈரம் இருக்கும். அதை ஸ்டோரில், அதாவது உலர்த்தும் கட்டிடத்தில், ஏறத்தாழ ஒரு நாள் முழுக்க நிதானமான சூட்டில் வைத்துப் பத்துப் பன்னிரண்டு சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். சூடு ஏறினால் பச்சை நிறம் போய்விடும், காய் வெடிக்கும். இறங்கினால் பூஞ்சை. நிறம் போனால் போடி ஏலத்தில் விலையும் போய்விடும். 2019-இல் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட ஊர் இது. ஒரு ராத்திரி தூங்கிவிட்டால் என்ன நட்டம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதனால்தான் விறகு தள்ளுபவர் விடிய விடிய விழித்திருப்பார். அவருக்கு உதவியாக ஒரு பெட்டி: சூட்டையும் ஈரத்தையும் அளக்கும், பதிந்துவைக்கும், எல்லை தாண்டினால் கத்தும். அவ்வளவுதான். எளிய விஷயம் என்று நினைத்தோம்.

முதல் மழைக்காலத்தில் எல்லாப் பெட்டிகளும் செத்தன.

தண்ணீர் புகாமலிருக்க நாங்கள் சிலிக்கோன் வைத்து இறுக்கி மூடியிருந்தோம். அதுதான் தப்பு. பகலில் சுவர் சூடாகும்போது பெட்டிக்குள் காற்று விரிந்து எங்கேயோ ஒரு மயிரிழை வழியாக வெளியே போகும். இரவில் மலை குளிரும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, அதே மயிரிழை வழியாக ஈரக்காற்றை உறிஞ்சும். அந்த ஈரம் உள்ளே தண்ணீராகப் படியும். வெளியேற வழி இல்லை. இறுக்கமாக மூடிய பெட்டி ஒவ்வொரு நாளும் ஒரு மிடறு தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் எறும்பு. இதமான சூடு எங்கிருந்தாலும் கண்டுபிடித்துக் குடியேறும். அப்புறம் ஈர விரலுக்கு மசியாத தொடுதிரை. அப்புறம் பக்கத்து மோட்டார் நிற்கும்போதெல்லாம் குதிக்கும் வோல்டேஜ்.

ஒரே ஒரு பெட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்தால், அங்கே விறகு தள்ளும் அண்ணன் சூடான ஆணியால் பெட்டியின் அடிப்பக்கம் ஓட்டை போட்டிருந்தார். "உள்ள தண்ணி நின்னுச்சு தம்பி, வடியட்டும்னு விட்டேன்" என்றார். நாலு வருசம் பொறியியல் படித்த இரண்டு பேருக்குத் தோன்றாத விஷயம். அடுத்த பெட்டிகளில் நாங்களும் அடியில் ஓட்டை வைத்தோம், எறும்பு வராமல் வலை கட்டினோம். சர்க்யூட் போர்டுக்கு மேலே பூச்சு கொடுத்தோம், திரையை எடுத்துவிட்டு இரண்டு பெரிய பட்டன் வைத்தோம். பெட்டி நின்றது. தொழில்நுட்பம் எங்களைத் தோற்கடிக்கவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன்.

எங்களைத் தோற்கடித்தது ஒரு கேள்வி. ஒவ்வொரு தோட்டத்திலும் முதலாளி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். விலையைக் கேட்பார், தலையாட்டுவார். அப்புறம் கேட்பார்: "ரிப்பேர்னா யார் வருவா?"

எங்களிடம் பதில் இல்லை. "ரிமோட்லயே அப்டேட் பண்ணிடுவோம் சார்" என்று உளறியிருக்கிறேன், போனில் ஒரு கோடுகூடச் சிக்னல் இல்லாத இடத்தில் நின்றுகொண்டு. வாரநாளில் நான் பெங்களூரில், நண்பன் மதுரையில். மூன்று வருசத்தில் பதினோரு பெட்டி விற்றோம். கடையை மூடினோம்.

*

இங்கே உங்களில் சிலர், "அதாம்ப்பா, ஹார்டுவேர் நம்ம ஊர்ல எடுபடாது" என்று முடித்துவிடுவீர்கள். என் அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான் முடித்தார்கள். பொய். இந்த நாட்டின் மிகப்பெரிய கடுஞ்சூழல் கணினித் திட்டம் நம் கண்முன்னே ஓடிக்கொண்டிருக்கிறது. அதோடு நம் சுஜாதாவுக்கும் தொடர்பு உண்டு.

சுஜாதாவை நாம் கதைகளுக்காகக் கொண்டாடுகிறோம். பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர் எஸ். ரங்கராஜனாக அவர் வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தை மேற்பார்வையிட்டதை ஒரு துணுக்குச் செய்தியாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறோம். கொஞ்சம் நின்று பார்க்கலாம். 1982-இல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் மின்னணு இயந்திரம் முதன்முதலாக வந்தது. வழக்கு, சட்டத்திருத்தம் எல்லாம் தாண்டி 2001-இல் தமிழக சட்டமன்றத் தேர்தல் முழுக்க, 2004-இல் மக்களவைத் தேர்தல் முழுக்க அதில்தான் நடந்தது. அதன் நம்பகத்தன்மை பற்றிய அரசியல் விவாதம் தனி. அதற்குள் நான் போகவில்லை. ஒரு கருவியாக மட்டும் அதைப் பாருங்கள். பேட்டரியில் ஓடும், கரண்ட் வேண்டாம். தொடுதிரை இல்லை, விசிறி இல்லை, நெட் இல்லை. படிக்கத் தெரியாதவருக்குச் சின்னம், அதன் பக்கத்தில் ஒரு நீலப் பட்டன், அழுத்தினால் ஒரு பீப். விரல் தேய்ந்திருக்கலாம், ஈரமாக இருக்கலாம், நடுங்கலாம். அம்மாச்சியின் கையை அது ஒரு தடவைகூடக் கேள்வி கேட்டதில்லை. அதை இயக்குபவர் பள்ளிக்கூட ஆசிரியர். மலைக்கிராமங்களுக்குக் குதிரை முதுகிலும் கழுதை முதுகிலும் போய்விட்டுத் திரும்பி வருகிறது.

இது எப்படி நடந்தது? மேதைமை என்று ஒற்றை வார்த்தையில் சொல்லிவிட்டால் விஷயம் கெட்டது. வாங்குபவர் நிபந்தனைகளை இடத்திலிருந்து எழுதினார். கரண்ட் இல்லாத சாவடி இருக்கும், எழுதப்படிக்கத் தெரியாத வாக்காளர் வருவார், அவருக்காகவும் செய். இரண்டே இரண்டு பொதுத்துறை நிறுவனங்கள், பாரத் எலெக்ட்ரானிக்ஸும் ஹைதராபாத்தின் எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷனும், பல பத்தாண்டுகளாக அதைச் செய்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னால் அந்த நிறுவனங்களின் பொறியாளர்களே மாவட்டத்துக்கு வந்து ஒவ்வொரு இயந்திரமாகச் சோதிக்கிறார்கள். 'ரிப்பேர்னா யார் வருவா' என்ற கேள்விக்கு அங்கே பதில் இருக்கிறது.

இப்போது சிம்ப்யூட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் சுவாமி மனோகர், விஜய் சந்துரு, ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும் என்கோர் என்ற நிறுவனமும் சேர்ந்து யோசித்த கையடக்கக் கணினி. லினக்ஸில் ஓடியது, இந்திய மொழிகளில் வாசித்துக் காட்டியது. ஒரே கருவியை ஒரு கிராமமே பகிர்ந்துகொள்ள ஸ்மார்ட் கார்டு வைத்திருந்தது. 2001-இல் நியூயார்க் டைம்ஸ் வரைக்கும் புகழ் போனது. 2004-இல் அமிடா என்ற பெயரில் சந்தைக்கு வந்தபோது, கையை அசைத்தால் பக்கம் புரளும் வசதிகூட அதில் இருந்தது. ஐபோன் வர இன்னும் மூன்று வருசம் இருந்தது. ஆனால் ஓர் ஆண்டில் 50,000 விற்கலாம் என்ற எதிர்பார்ப்பில் சுமார் 4,000தான் விற்றது.

'மக்கள் தயாராக இல்லை' என்று அதற்கு இரங்கற்பா எழுதினார்கள். மக்களிடம் அது எப்போது வந்தது, அவர்கள் தயாராக? கைதட்டியவர்கள் ஆயிரம் பேர், ஆர்டர் கொடுத்தவர்கள் நாலு பேர். அதன்மேல் கட்டுரை எழுத ஆள் இருந்தது. உசிலம்பட்டியில் அதைப் பிரித்து மாட்டக் கற்றுக்கொடுக்க ஆள் இல்லை.

நடுவில் இன்னொரு உதாரணமும் உண்டு. சென்னையின் வோர்டெக்ஸ் நிறுவனம், ஐஐடி மெட்ராஸின் டெநெட் குழுவின் துணையோடு, கிராமடெல்லர் என்ற ஏடிஎம்மைச் செய்தது. ஏ.சி. தேவையில்லை, சூரிய ஒளியில் ஓடும், கசங்கிய நோட்டையும் எண்ணிக் கொடுக்கும். அந்தக் கசங்கிய நோட்டைக் கவனியுங்கள். நகரத்து ஏடிஎம் சலவை நோட்டு கேட்கிறது, அதாவது உலகம் தனக்காக மாற வேண்டும் என்கிறது. கிராமடெல்லர் நம் மடியிலும் சுருக்குப்பையிலும் கசங்கிய நோட்டை ஏற்றுக்கொண்டது. ஸ்டேட் பாங்க் நூற்றுக்கணக்கில் வாங்கியது. இடத்தைப் பார்த்துச் செய்தால் செய்ய முடிகிறது, யாராவது வாங்கினால் நிற்கவும் முடிகிறது.

*

"கிராமத்தில் விலை குறைவாக இருந்தால்தான் விற்கும்" என்பது இன்னொரு வேதவாக்கு. சென்னையில் ஒரு முதலீட்டாளர் எனக்கு அரைமணி நேரம் இதைப் பாடம் எடுத்தார். அவருக்கு எங்கள் ஊர் போர்வெல்லைக் காட்ட வேண்டும்.

ஒரு சப்மெர்சிபிள் மோட்டாரை நினைத்துப் பாருங்கள். பூமிக்கடியில் பல நூறு அடி ஆழத்தில், தண்ணீருக்குள், கண்டபடி ஏறி இறங்கும் வோல்டேஜில் ஓடுகிறது. எந்த ராணுவச் சோதனைக்கும் குறைந்த சூழல் இல்லை அது. அது எரியாமலா இருக்கிறது? எரிகிறது. ஆனாலும் விவசாயி கடன் வாங்கியாவது கோயம்புத்தூர் மோட்டாரை வாங்குகிறார். ஏனென்றால் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு வைண்டிங் கடை இருக்கிறது. காலையில் மோட்டாரைத் தூக்கி டிராக்டரில் போட்டால், செம்புக்கம்பியை உருவிப் புதுசாகச் சுற்றி, ஒன்றிரண்டு நாளில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சுற்றுபவர் மோட்டார் கம்பெனியில் வேலை பார்த்தவர் இல்லை. அவருக்குக் கற்றுக்கொடுத்தது இன்னொரு வைண்டிங் கடை. மோட்டாரின் உறுதி அதன் இரும்பில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி அந்தக் கடையில் இருக்கிறது.

செல்போனுக்கும் இதே கதைதான். சிம்ப்யூட்டரைக் கொன்றது மலிவு ஆண்ட்ராய்டு போன் என்பார்கள். ஓரளவு சரி. ஆனால் போன் எந்த விதத்தில் உறுதியான கருவி? கீழே விழுந்தால் கண்ணாடி உடைகிறது, மழையில் செத்துப்போகிறது. கம்பம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் அரைமணி நேரத்தில் டிஸ்ப்ளே மாற்றிக்கொடுக்கிற ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான். அவனால்தான் அது பிழைத்துக்கிடக்கிறது.

ஆகவே என் கட்சி இது: உடையாத கணினி என்று ஒன்று கிடையாது. உடைந்தால் அந்த ஊரிலேயே சரிசெய்யக்கூடிய கணினிதான் உறுதியான கணினி. நாமோ நேர் எதிராகச் செய்கிறோம். சாதாரண ஸ்க்ரூட்ரைவருக்குத் திறக்காத திருகாணி போடுகிறோம், பேட்டரியைப் பசை வைத்து ஒட்டுகிறோம், வரைபடத்தை வணிக ரகசியம் என்று பூட்டிவைக்கிறோம். அரசு டெண்டரில் ஆகக் குறைந்த விலை சொன்னவருக்கு ஆர்டர் போகிறது. அந்தக் கருவி எத்தனை நாள் வேலை செய்தது, பழுதாகி எத்தனை நாள் அலமாரியில் கிடந்தது என்பது அந்த விலைக்குள் வருவதில்லை. அலமாரியில் கிடந்த நாட்களின் விலையை வரிசையில் நிற்பவர்கள் கட்டுகிறார்கள், கூலி போன நாளாக.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். பெரிய தத்துவம் ஒன்றும் வேண்டாம். டெண்டரில் கருவியின் விலையை அது வேலை செய்த நாட்களால் வகுத்துப் பாருங்கள். சோதனைக்கூடத்தில் 26 தடவை கீழே போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே காய் எடுக்கும் ஐம்பது பெண்களின் கைகளில் கொடுத்துப் பாருங்கள். அதில் தேறாத கருவியை வாங்காதீர்கள். வரைபடத்தை மூடியின் உட்பக்கம் ஒட்டுங்கள். பத்து வருசத்துக்கு உதிரிபாகம் தருவேன் என்று எழுதிக்கொடுக்கச் சொல்லுங்கள். பழுதுபார்க்கும் பணத்தைத் தலைநகரத்து சர்வீஸ் ஒப்பந்தத்துக்குக் கொடுக்காமல் தாலுகாவுக்கு இரண்டு பேருக்குச் சம்பளமாகக் கொடுங்கள். தேனி மாவட்டத்தில் ஐடிஐயும் பாலிடெக்னிக்கும் முடித்துவிட்டுத் திருப்பூருக்கு பஸ் ஏறும் பிள்ளைகளுக்கு சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரியும்.

தொழில் தொடங்க நினைக்கும் நண்பர்களுக்கு ஒன்று. 'ஸ்கேல் ஆகுமா' என்பது முதலீட்டாளரின் கேள்வி. 'ரிப்பேர்னா யார் வருவா' என்பது வாடிக்கையாளரின் கேள்வி. நான் முதல் கேள்விக்கு இருபது ஸ்லைடு தயாரித்தேன். இரண்டாவதற்கு ஒரு ஆளைக்கூடத் தயாரிக்கவில்லை. என் தொழில் செத்ததற்கு ஊரோ மக்களோ காரணம் இல்லை. என் அம்மாச்சியின் கையைக் குற்றம் சொன்ன அதே வேலையைத்தான் ரொம்ப நாள் நானும் செய்துகொண்டிருந்தேன். 'இந்த ஜனங்களுக்கு டெக்னாலஜி புரியல' என்று நண்பனிடம் போனில் புலம்பியது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

*

பதினோரு பெட்டிகளில் நாலு இன்னும் ஓடுகின்றன. போன மழைக்காலத்தில் ஒரு ஸ்டோரிலிருந்து போன் வந்தது. ஆணியால் ஓட்டை போட்ட அதே அண்ணன். "தம்பி, சூடு காட்டுது, ஆனா கத்த மாட்டேங்குது." கம்பெனி மூடியாச்சு அண்ணே என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. சனிக்கிழமை ஊருக்குப் போயிருந்தபோது ஜீப் ஏறினேன். பஸ்ஸர் ஈரத்தில் துருப்பிடித்துப் போயிருந்தது. நாற்பது ரூபாய்ச் சாமான். மாற்றும்போது அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, எந்தக் கம்பி எங்கே என்று காட்டினேன். அடுத்த தடவை அவரே மாற்றட்டும் என்று இரண்டு பஸ்ஸர் கொடுத்துவிட்டு வந்தேன்.

அவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இத முதல்லயே குடுத்திருக்கலாம்ல" என்றார்.